ஐந்தாம் அத்தியாயம்: குருவின் கைப்பையிலிருந்து சங்கத்தின் பெயருக்கு

இந்த அத்தியாயத்தைப் படிக்குமுன் மூன்று தாள்களை எடுத்து மேசைமீது வையுங்கள். சங்கத்தின் பதிவுச் சான்றிதழ் ஒன்று. கடைசியாகச் சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்பிய ஆண்டறிக்கை ஒன்று. வங்கிக் கணக்கில் யார் யார் கையெழுத்திடலாம் என்று செயலவை எடுத்த தீர்மானம் ஒன்று. கிள்ளான் பள்ளத்தாக்கில் நடனப் பள்ளியோ நாடகக் குழுவோ இசைச் சபையோ நடத்துகிறவர்களில் பெரும்பாலோருக்கு முதல் தாள் உடனே கிடைத்துவிடும். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பார்கள். இரண்டாவது, முன்னாள் செயலாளர் வீட்டு மடிக்கணினியில் கிடக்கும். மூன்றாவதைத் தேடும்போதுதான், கையெழுத்திடும் இருவரில் ஒருவர் மகளோடு ஆஸ்திரேலியாவில் குடியேறிவிட்டார் என்பது நினைவுக்கு வரும்.

நம் கலை அமைப்புகளில் பல ஒரே ஒருவரை நம்பி எழுந்தவை. அந்த டீச்சருக்கோ மாஸ்டருக்கோதான் எல்லாம் தெரியும்: எந்தத் தையற்காரர் நாட்டிய உடையைக் குறித்த நாளில் தருவார், எந்த ஒலிபெருக்கிக்காரர் மிருதங்கத்தையும் குரலையும் சரியாகச் சமன் செய்வார், எந்த மண்டபத்தில் கார் நிறுத்த இடமுண்டு, எந்தத் தந்தை கட்டணம் கட்டாவிட்டாலும் பிள்ளையை அனுப்பச் சொல்ல வேண்டும். இத்தனையும் அவர் கைப்பையிலும் திறன்பேசியிலும் இருக்கின்றன. அமைப்பை வளர்த்தது அந்தக் கைப்பைதான், மறுக்கவில்லை. அதிலிருப்பதை, அவர் நலமாகவும் மனம் ஒப்பியும் இருக்கும்போதே சங்கத்தின் பெயருக்கு மாற்றுவது எப்படி என்பதுதான் இங்கே பேச்சு.

பதிவு எதன் கீழ்?

1966ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டத்தின் கீழ் ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்துக்கு விண்ணப்பிக்கலாம். நிறுவன ஆணையமான எஸ்எஸ்எம்மில் தனி வணிகமாகவோ செண்டிரியான் பெர்ஹாட்டாகவோ பதியலாம். பெரிய நிதி கைவசம் இருந்தால், 2016ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் கீழ் பங்கு முதலில்லாத, உத்தரவாதத்தால் வரம்பு கட்டிய நிறுவனமாக அமையலாம். அறவாரியங்கள் பல இந்த வடிவில்தான் இருக்கின்றன. சிறிய குழுக்களுக்கு இது கைக்கெட்டாது, விட்டுவிடுங்கள்.

என் கருத்து இது: வகுப்புக் கட்டணம்தான் ஆசிரியரின் பிழைப்பு என்றால் அதை வணிகமாகப் பதியுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. விழா நடத்தவும் நன்கொடை வாங்கவும் தனியாக ஒரு சங்கம் வையுங்கள். இரண்டையும் ஒரே கணக்கில் போட்டுக் குழப்புவதுதான் பெரும்பாலான சண்டைகளுக்கு வேர். கட்டணம் சங்கத்தின் பணம் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். சங்கமே தன்னுடையது என்று டீச்சர் நினைக்கிறார். இரு தரப்பிலும் நியாயம் இருப்பதால்தான் சண்டை தீருவதில்லை. "சம்பளம்னு எழுதாதீங்க தம்பி, தட்சிணைன்னு போடுங்க" என்று பொருளாளரிடம் சொல்லும் குருமார்கள் உண்டு. கணக்கில் எந்தப் பெயரில் எழுதினாலும் யாருக்கு, எவ்வளவு, எந்தத் தீர்மானத்தின்படி என்ற மூன்றும் இருக்க வேண்டும்.

சங்கமாக இருப்பவர்கள் மறக்கக்கூடாத கெடு ஒன்று உண்டு. ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் ஆண்டறிக்கையைப் பதிவிலாகாவுக்கு அனுப்ப வேண்டும். இப்போது எல்லாம் இணையவழிதான். அந்தக் கணக்கின் கடவுச்சொல்லும் கைப்பையை விட்டு வெளியே வரவேண்டிய பொருள்களில் ஒன்று. தலைமைப் பதவிக்கு இரு அணிகள் மோதினால் சட்டத்தின் 16ஆம் பிரிவு நினைவில் இருக்கட்டும்: தகராறு தீர்ந்ததற்குச் சான்று கேட்கவும், கிடைக்காவிட்டால் பதிவை ரத்துச் செய்யவும் பதிவதிகாரிக்கு அதிகாரம் உண்டு. கோயில் நிர்வாகத் தகராறுகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நிலமோ கட்டடமோ இருந்தால் கவனம் இரட்டிப்பாக வேண்டும். பிரிக்ஃபீல்ட்ஸ் விவேகானந்தர் ஆசிரமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1904இல் எழுந்த கட்டடம். தலைமுறை தலைமுறையாக அந்த வட்டாரத் தமிழர்கள் "நம்ம ஆசிரமம்" என்றே சொல்லி வந்தார்கள். 2014இல், அதன் அறங்காவலர்கள் ஒரு மேம்பாட்டு நிறுவனத்துடன் சேர்ந்து அந்த நிலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு எழுப்பத் திட்டமிட்டது வெளியே வந்தபோது மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். கட்டடத்தைப் பாரம்பரியச் சின்னமாக்கும் முயற்சியில் அரசும் இறங்கியது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது இந்த நூலின் வேலையில்லை. ஆனால் நிர்வாகிகள் குறித்துக்கொள்ள வேண்டிய ஒன்று இதில் இருக்கிறது. மக்கள் மனத்தில் பொதுச்சொத்தாக இருந்தது சட்டத்தில் அறங்காவலர் கையில் இருந்தது. உங்கள் அமைப்பின் விதிமுறைகளை எடுத்துப் பாருங்கள். சொத்தை விற்கவோ அடகு வைக்கவோ கட்டி எழுப்பவோ யாரிடம் ஒப்புதல் பெற வேண்டும் என்ற விதி அதில் இருக்கிறதா? செயலவை மட்டும் போதுமா, உறுப்பினர் பொதுக்கூட்டம் வேண்டுமா, எத்தனை பங்குப் பெரும்பான்மை? இல்லையென்றால் அடுத்த பொதுக்கூட்டத்தில் விதியைத் திருத்துங்கள். விற்க ஆள் வந்த பிறகு திருத்துவது மிகக் கடினம்.

கோலாலம்பூரும் சிலாங்கூரும்

சனிக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு நாட்டிய நாடகம், ஞாயிற்றுக்கிழமை அதே நாடகம் கிள்ளானில் என்று வைத்துக்கொள்வோம். பார்வையாளருக்குக் கொம்யூட்டர் ரயிலில் ஒரு பயணம்தான். நிர்வாகிக்கு அது இரண்டு சட்டங்கள். கோலாலம்பூரில் 1992ஆம் ஆண்டு கேளிக்கைச் சட்டம். உரிமம் மாநகர மன்றமான டிபிகேஎல்லிடம். எல்லை தாண்டினால் சிலாங்கூரின் 1995ஆம் ஆண்டுச் சட்டம். உரிமம் அந்தந்த ஊராட்சி மன்றத்திடம். கிள்ளான் 2024இல் அரச மாநகரமாக உயர்ந்திருக்கிறது. பெட்டாலிங் ஜெயாவுக்கும் சுபாங் ஜெயாவுக்கும் ஷா ஆலாமுக்கும் தனித்தனி மாநகர மன்றங்கள். ஒரு மன்றத்தில் செல்லுபடியான பழைய கடிதத்தைத் தேதி மாற்றி மற்றொன்றுக்கு அனுப்புவது வீண்.

கேளிக்கை வரியும் இப்படித்தான். 1953ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நெடுங்காலமாக நுழைவுக் கட்டணத்தில் 25 விழுக்காடு என்பதே பழக்கமான கணக்கு. கூட்டரசுப் பிரதேசத்தில் 2024 முதல் உள்நாட்டுக் கலைஞர்களின் மேடை நிகழ்ச்சிக்கு முழு விலக்கும், வெளிநாட்டுக் கலைஞர்களின் நிகழ்ச்சிக்கு 10 விழுக்காடாகக் குறைப்பும் வந்தன. சிலாங்கூரில் இந்தச் சலுகை தானாகப் பொருந்தும் என்று எண்ணிவிடாதீர்கள். கேளிக்கை வரி அங்கே மாநிலத்தின் கையில் இருக்கிறது. 50 ரிங்கிட் நுழைவுச்சீட்டு, 400 இருக்கை, அரங்கு நிறைந்தால் 20,000 ரிங்கிட். இதில் 10 விழுக்காடு என்றால் 2,000. 25 என்றால் 5,000. மண்டப வாடகையையும் ஒலி ஒளிச் செலவையும் கழித்துப் பார்த்தால், இந்த 3,000 ரிங்கிட் வேறுபாடுதான் பல நிகழ்ச்சிகளின் லாபமும் நட்டமும்.

இதில் ஒரு நெளிவு இருக்கிறது. சென்னைப் பாடகர் ஒருவர், பக்கவாத்தியம் மூவரும் உள்ளூர்க்காரர்கள். இது உள்நாட்டு நிகழ்ச்சியா, வெளிநாட்டு நிகழ்ச்சியா? முகப்பில் இருக்கும் அதிகாரி வாயால் சொல்வதை நம்பி நுழைவுச்சீட்டு அச்சிடாதீர்கள். எழுதிக் கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள், கோப்பில் வையுங்கள். நுழைவுச்சீட்டுக்கு "நன்கொடைச்சீட்டு" என்று பெயர் வைத்தால் வரியிலிருந்து தப்பலாம் என்று சொல்லித் தரும் அண்ணன்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஆனால் காசு கொடுக்காதவரை வாசலில் நிறுத்திவிட்டுக் கொடுத்தவரை மட்டும் உள்ளே விட்டால் அது நுழைவுக் கட்டணமாகத்தான் பார்க்கப்படும்.

சென்னையிலிருந்து ஒருவர்

வெளிநாட்டுக் கலைஞரை மேடையேற்ற புஸ்பால் எனப்படும் நடுவண் முகமையின் அனுமதி வேண்டும். 2023 ஜூலையில் சிப்பாங்கில் ஒரு பிரிட்டிஷ் ராக் குழு மேடையில் நடந்துகொண்ட விதத்தால் அந்த இசை விழாவே நிறுத்தப்பட்டது. அதன்பின் வழிகாட்டு விதிகள் இறுக்கப்பட்டன. கல்யாணியும் காம்போதியும் பாட வரும் வித்வானுக்கு அந்தக் கவலை எதற்கு என்று தோன்றலாம். முகமை ஒன்றுதான், விதிப்புத்தகமும் ஒன்றுதான். விண்ணப்பத்தை நேரத்தோடு அனுப்புங்கள். "சுற்றுலா விசாவில் வந்து பாடிட்டுப் போகட்டும் சார்" என்பவரின் பேச்சைக் கேட்டால் மாட்டிக்கொள்வது கலைஞர். பெயர் கெடுவது சங்கத்துக்கு.

பலர் மறக்கும் செலவு வரி. மலேசியாவில் வசிக்காத நிகழ்த்துகலைஞருக்குக் கொடுக்கும் ஊதியத்தில் 15 விழுக்காட்டைப் பிடித்து, வருமான வரிச் சட்டத்தின் 109A பிரிவின்படி வரி வாரியத்திடம் கட்ட வேண்டும். நுழைவு அனுமதி வாங்குமுன்பே கட்டியாக வேண்டும். ஒப்பந்தத்தில் "கலைஞர் கையில் 10,000 ரிங்கிட்" என்று எழுதியிருந்தால், மொத்த ஊதியம் 10,000 இல்லை. 10,000ஐ 0.85ஆல் வகுத்தால் 11,765. அந்த 1,765 எந்தத் தலைப்பிலிருந்து வரும் என்பதை வரவு செலவுத் திட்டத்தில் முன்பே எழுதுங்கள். கட்டிய ரசீதின் படியைக் கலைஞரிடம் கொடுத்துவிடுங்கள். அவர் ஊரில் வரிக் கணக்குக் காட்டும்போது கேட்பார்.

தேதி குறிப்பதிலும் கவனம் வேண்டும். இசை விழாக் காலமான மார்கழியில் சென்னைக் கலைஞர் கிடைப்பது அரிது. ஜனவரி, பிப்ரவரியில் பொங்கல், தைப்பூசம், சீனப் புத்தாண்டு என்று மண்டபங்களும் மக்களும் நிறைந்துவிடுகிறார்கள். நோன்பு மாதம் ஆண்டுக்கு ஏறக்குறைய பதினொரு நாள் முன்னே நகர்ந்துகொண்டே வரும். போன ஆண்டுத் தேதியைப் பார்த்து இந்த ஆண்டு முன்பதிவு செய்தவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். அந்த மாதத்தில் நடத்தக்கூடாது என்பதில்லை. ஆனால் தொழுகை நேரம், அரங்கப் பணியாளர் நோன்பு துறக்கும் நேரம், உரிம நிபந்தனை எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும்.

கொஞ்சம் கசப்பாக ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தப் பள்ளத்தாக்கில் வார இறுதிகளில் அரங்கேற்றங்கள் நடந்துகொண்டே இருக்கின்றன. பெற்றோர் கடன் வாங்கியும் செய்கிறார்கள். அப்படியிருந்தும் நட்டுவாங்கத்துக்கும் வயலினுக்கும் விமானச்சீட்டு எடுத்து ஆள் கூட்டி வருவது இன்னும் பெருமையாக இருக்கிறது. இத்தனை அரங்கேற்றம் நடக்கும் ஊரில் ஒரு மிருதங்கக் கலைஞர் அதையே தொழிலாகக் கொண்டு குடும்பம் நடத்த முடியவில்லை என்றால், குறை அந்தக் கலைஞரிடம் இல்லை. நான்கு பள்ளிகள் ஒன்றுசேர்ந்து ஓர் உள்ளூர் வாத்தியக் குழுவுக்கு ஆண்டு முழுமைக்கும் ஒப்பந்தம் போடட்டும். ஒத்திகைக்குத் தனி ஊதியம், நிகழ்ச்சிக்குத் தனி ஊதியம், ரத்தானால் எவ்வளவு என்று எழுதட்டும். சுயதொழில் செய்வோருக்கான சொக்சோ பாதுகாப்பில் கலைஞர்களும் சேரலாம். ஊழியர் சேமநிதியில் ஐ-சாரான் வழியாகத் தாமாகச் சந்தா கட்டலாம். இவற்றைச் செய்துதரும் சங்கத்தை நல்ல வாத்தியக்காரர்கள் விட்டுப் போகமாட்டார்கள்.

பணம் வரும் வழிகள்

பிரிக்ஃபீல்ட்ஸில் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் என்றால் பலருக்கு முதலில் அன்னலட்சுமி சாப்பாடு நினைவுக்கு வரும், பிறகுதான் நடனம். சுவாமி சாந்தானந்த சரஸ்வதி 1981இல் தொடங்கிய அமைப்பு அது. வேண்டியதை உண்டு, மனம்போலக் கொடுங்கள் என்ற வழக்கத்தால் பெயர்பெற்ற உணவகமும், இசை நடன வகுப்புகளும், சாந்தானந்த் அரங்கமும் ஒன்றையொன்று தாங்கின. சிங்கப்பூர், பெர்த் வரை கிளைகள் போயின. 2005இல் சுவாமி மறைந்த பிறகும் வகுப்புகள் தொடர்கின்றன. இதைப் பார்த்துவிட்டு, "நாமும் ஒரு உணவுக்கடை போடலாமே" என்று எந்தச் சங்கக் கூட்டத்திலாவது யாராவது சொல்வார். வேண்டாம். அங்கே மூலதனம், சமைக்கவும் பரிமாறவும் கழுவவும் சம்பளமின்றி வந்து நின்ற மருத்துவர்களும் கணக்கர்களும் இல்லத்தரசிகளும்தான். அந்த ஆள்பலம் இல்லாமல் உணவகத்தை மட்டும் பின்பற்றினால் கடன்தான் மிஞ்சும். எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு: தன்னார்வலர் உழைத்த மணிநேரத்தை எழுதி வையுங்கள். ஆண்டறிக்கையில் பணத்துக்குப் பக்கத்தில் அதையும் காட்டுங்கள். உங்கள் சங்கம் எவ்வளவு செலவில் உண்மையில் நடக்கிறது என்பது அப்போதுதான் உங்களுக்கே தெரியும்.

ரம்லி இப்ராஹிம் 1983இல் தொடங்கிய சூத்ரா வேறொரு பாதையில் போனது. தித்திவங்சாவில் சொந்த இடம், அதிலேயே சிறு திறந்தவெளி மேடையும் ஓவியக்கூடமும். பார்வையாளரை ஆண்டு முழுவதும் வரவழைக்க இடம் இருந்ததால், ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் புதிதாக ஆள் சேர்க்கும் சுமை குறைந்தது. கோலசிலாங்கூர் போன்ற இடங்களில் தோட்டப்புறத்துப் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்தியதும் அவர்கள்தான். ஒடிசியும் பரதமும் ஆடும் மலாய்க்காரரான ரம்லி 2018இல் இந்தியாவின் பத்மஸ்ரீ விருது பெற்றார். நம் சங்கங்கள் தம்மை ஒரு சமூகத்துக்குள் மட்டும் நிறுத்திக்கொள்வது பற்றி யோசிக்க இது போதும்.

அந்த யோசனை நிதியில்தான் முதலில் உதவும். மானியம் என்றதும் நம்மவர்களுக்குத் தோன்றுவது சட்டமன்ற உறுப்பினர் அலுவலகமும் மித்ராவும். 2018இல் இந்தப் பெயர் பெற்ற மித்ரா, இந்தியர் சமூகப் பொருளாதார மேம்பாட்டுக்கானது; ஆண்டுக்கு 10 கோடி ரிங்கிட் என்று பேசப்பட்ட ஒதுக்கீடு. 2021இல் அதன் மானியம் பெற்ற சிலரை ஊழல் தடுப்பு ஆணையம் விசாரித்த பிறகு, எந்த அமைப்பிடமும் ஆதாரம் கேட்பது கடுமையாகிவிட்டது, அது நல்லதே. வருகைப் பதிவேடு, தேதியோடு புகைப்படம், ஒவ்வொரு ரசீதின் படி: இவை நிகழ்ச்சி நடக்கும் அன்றே கோப்பில் ஏற வேண்டும். ஆறு மாதம் கழித்துத் தேடினால் ரசீதின் மை மங்கிப்போயிருக்கும். அனல்தாளில் அச்சான ரசீதை அன்றே படம் எடுத்து வையுங்கள்.

2017இல் அமைந்த செண்டானா என்ற நிதி முகமை கலைக்காகவே மானியம் தருகிறது. நான் சந்திக்கும் செயலாளர்களில் பலர் அதற்கு ஒருமுறைகூட விண்ணப்பித்ததில்லை. காரணம் பழையது. 1971ஆம் ஆண்டுத் தேசியக் கலாச்சாரக் கொள்கை மலாய்க் கலாச்சாரத்தை அடிப்படையாக வைத்தது. அதன் நிழலில் வளர்ந்த தலைமுறை, கலைக்கான அரசுப் பணம் நமக்கானது இல்லை என்று தானே முடிவுகட்டிக்கொண்டது. கலையைச் சமூகநலமாக உருமாற்றி வேறு கதவைத் தட்டப் பழகியது. அந்தப் பழக்கம் இன்று நமக்கே தடை. விண்ணப்பத்தில் "இந்திய இளைஞர்களைத் தீய பழக்கங்களிலிருந்து காப்போம்" என்ற வரியை அடித்துவிடுங்கள். என்ன படைப்பு, யார் படைக்கிறார், ஏன் இப்போது, எத்தனை பேர் பார்ப்பார்கள், காணொளி எங்கே என்று எழுதுங்கள். கலைக்கு மானியம் தருபவர் தேடுவது இதைத்தான்.

நிறுவனங்களிடம் போகும்போது அவர்கள் மொழியில் பேசுங்கள். அமைச்சின் அங்கீகாரம் பெற்ற கலை, கலாச்சார நிகழ்ச்சிக்கு ஆதரவு தரும் நிறுவனம், ஆண்டுக்கு 10 லட்சம் ரிங்கிட் வரை வரிக் கழிவு கோரலாம். வெளிநாட்டு நிகழ்ச்சிகளுக்கு அதில் 3 லட்சமே வரம்பு. உங்கள் சங்கத்துக்கே 44(6) பிரிவின் கீழ் வரிவிலக்கு கிடைத்துவிட்டால், நன்கொடையாளர் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை கழித்துக்கொள்ளலாம். தெங்கு கிளானா சாலை நகைக்கடைக்காரர் வரிக் கழிவுக்காகக் கொடுப்பதில்லை, விழா மலரில் முழுப்பக்க விளம்பரத்துக்காகவும் முன்வரிசை நாற்காலிக்காகவும் கொடுக்கிறார் என்பது எனக்கும் தெரியும். அவர் மகன் கடைக்கு வந்த பிறகு கேள்விகள் மாறும், தயாராக இருங்கள்.

மேடையில் டத்தோ ஒருவர் ஒலிபெருக்கி பிடித்து அறிவிக்கும் தொகையைப் பற்றி ஒரு சொல். அட்டையில் எழுதிய பெரிய காசோலையோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள், கைதட்டுங்கள். கணக்கில் மட்டும், வங்கியில் பணம் விழுந்த பிறகு எழுதுங்கள். அவர் வரும்வரை நிகழ்ச்சியைத் தாமதிக்கும் வழக்கத்தையும் விட்டுவிட்டால் நல்லது. கடைசி கொம்யூட்டரைப் பிடிக்க வேண்டிய கிள்ளான்காரர் இடைவேளையோடு கிளம்பிவிடுகிறார். அடுத்த முறை வருவதும் இல்லை.

பணம் போகும் வழி ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். திரைப்பாடல் இரவு நடத்துவோர் எம்ஏசிபி என்ற பாடலாசிரியர், இசையமைப்பாளர் உரிமை அமைப்பிடம் உரிமம் பெற வேண்டும். இசைத்தட்டு ஒலிக்கவிட்டால் ஒலிப்பதிவு உரிமை தனி.

வெள்ளம் வந்தால்

ஃபரிடா மெரிக்கானும் ஜோ ஹாஷாமும் 1989இல் நிறுவிய ஆக்டர்ஸ் ஸ்டுடியோ, மெர்டேக்கா சதுக்கத்துக்கு அடியில் நிலத்தடியில் அரங்கம் நடத்தி வந்தது. 2003 ஜூனில் திடீர் வெள்ளம் அதை மூழ்கடித்தது. அவர்கள் பின்வாங்காமல் கூட்டாளிகளைச் சேர்த்து 2005இல் செந்தூலில் கேஎல்பேக் அரங்கத்தைத் திறந்தார்கள். பெரிய பெயரும் கூட்டாளிகளும் உள்ளவர்களுக்கு அது முடிந்தது. 2021 டிசம்பர் வெள்ளத்தில் கிள்ளான், ஷா ஆலாம் பக்கம் தாழ்வான வீடமைப்புப் பகுதிகள் எப்படி மூழ்கின என்று நமக்குத் தெரியும். கடைவீட்டின் கீழ்த்தளத்தில் வகுப்பு நடத்தும் ஒரு டீச்சருக்கு அப்படி மீண்டெழும் வாய்ப்பு இல்லை.

ஆகவே முதலில் உயரம். உடைப்பெட்டிகள், தம்பூரா, மிருதங்கம், ஹார்மோனியம், ஒலிபெருக்கி எல்லாம் தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு மேலே இருக்கட்டும். மாடி இருந்தால் அங்கே. நவம்பர் பிறந்ததும் இதை ஒரு வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். காப்புறுதிப் பத்திரத்தில் வெள்ளம் சேர்ந்திருக்கிறதா என்று படியுங்கள். தீக் காப்புறுதியில் வெள்ளப் பாதுகாப்பு கூடுதலாகக் கேட்டு வாங்க வேண்டிய ஒன்று. பொருட்பட்டியலைப் புகைப்படத்தோடு தயாரித்து, கட்டடத்துக்கு வெளியே ஒரு படி வையுங்கள்.

அதைவிடப் பெரிய இழப்பு நினைவுகளுடையது. தோட்டத்து நாடகங்களின் கைப்பிரதிகள், வானொலியில் ஒலித்த நாடகங்களின் நாடாக்கள், தமிழ் இளைஞர் மணிமன்ற விழா மலர்கள், அறுபதுகளின் அரங்கேற்றப் படங்கள் இன்னும் பல வீடுகளின் இரும்பு அலமாரியில் கிடக்கின்றன. ஒலிநாடா பூசணம் பிடித்தால் மீட்பது கடினம். சங்கத்தின் பழைய தலைவர்கள் வீட்டுக்கு ஒருமுறை போய், "ஐயா, என்ன வெச்சிருக்கீங்க" என்று கேளுங்கள். எடுத்து வர வேண்டாம். அங்கேயே படம் பிடியுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் யார், எங்கே, எந்த ஆண்டு என்று அவர் சொல்வதைத் திறன்பேசியில் பதிவு செய்யுங்கள். பெயரில்லாத புகைப்படம் அடுத்த தலைமுறைக்குப் பயன்படாது. இதற்கு மானியம் தேவையில்லை, இரண்டு சனிக்கிழமைகளும் பொறுமையும் போதும்.

பிள்ளைகள்

கூச்சப்படாமல் எழுத வேண்டிய பகுதி. 2023 மார்ச்சில் சென்னைக் கலாக்ஷேத்ரா நாட்டியப் பள்ளியில் மாணவர்கள் பாலியல் தொல்லைப் புகார்களோடு வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். ஓர் ஆசிரியர் கைதானார். அவ்வளவு பெயர்பெற்ற நிறுவனத்தில், அரசு நிதி பெறும் இடத்தில், புகார் கேட்பதற்கான வழி மாணவர்களின் நம்பிக்கையைப் பெற்றிருக்கவில்லை. ஒரே குரு, பூட்டிய அறை, "டீச்சர் சொன்னா சரி" என்ற வளர்ப்பு உள்ள சிறு பள்ளிகளைப் பற்றி என்ன சொல்ல.

மலேசியாவில் 2017ஆம் ஆண்டுச் சிறார் பாலியல் குற்றச் சட்டத்தின்படி, குற்றம் நடந்தது தெரிந்தும் காவல்துறையிடம் சொல்லாமல் இருப்பதே குற்றம். "நாமே பேசித் தீர்த்துக்கலாம்" என்று செயலவை முடிவெடுத்தால் அந்தச் செயலவையே சட்டத்தின் முன் நிற்கும். பெரியவர்களுக்கு 2022ஆம் ஆண்டுப் பாலியல் தொல்லை எதிர்ப்புச் சட்டம் உண்டு. நடைமுறையில் நான்கு காரியங்கள் செய்யுங்கள். அறைக் கதவில் கண்ணாடிச் சட்டம் போடுங்கள். தனிப்பயிற்சியின்போது பெற்றோர் ஒருவர் உள்ளே இருக்கலாம் என்று விதியில் எழுதுங்கள். புகார் கேட்க, குருவின் குடும்பத்தையோ மூத்த மாணவர் வட்டத்தையோ சேராத வெளியார் ஒருவரை நியமித்து, அவர் எண்ணை வகுப்புச் சுவரில் ஒட்டுங்கள். பயண நிகழ்ச்சிகளுக்குப் பிள்ளைகளோடு செல்லும் பெரியவர் பட்டியலைச் செயலவை முன்பே அங்கீகரிக்கட்டும். நல்ல ஆசிரியர் எவரும் இதனால் புண்படமாட்டார். புண்படுகிறவரை உன்னிப்பாகக் கவனியுங்கள்.

பிள்ளைகள் படங்களைச் சமூக ஊடகத்தில் போடப் பெற்றோரின் எழுத்து ஒப்புதல் வாங்குங்கள். புலனக் குழுவில் எல்லாருடைய எண்ணும் எல்லாருக்கும் தெரிவது சரியா என்றும் யோசியுங்கள்.

ஒப்படைப்பு

மூத்த மாணவி ஒருவர் "அடுத்த குரு" என்று எல்லாரும் பேசிக்கொள்வார்கள். அவரிடம் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். அவர் வங்கியிலோ மருத்துவமனையிலோ வேலை பார்ப்பார். மாலையில் வந்து சின்னப் பிள்ளைகளுக்கு அடவு சொல்லித் தருவார். கலையை ஏற்க அவர் தயார், வாடகை ஒப்பந்தத்தையும் கடனையும் ஏற்கத் தயாரா? இரண்டையும் பிரியுங்கள். கலை இயக்குநர் ஒருவர், நிர்வாகி ஒருவர். நிர்வாகிக்கு ஆட வராவிட்டாலும் குறையில்லை. வரவு செலவு பார்க்கவும் கடிதம் எழுதவும் தெரிந்தால் போதும். மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றிலும் எழுதத் தெரிந்தால் இன்னும் நல்லது. அவருக்கு மாதச் சம்பளம் தர முடியாவிட்டால் வாரத்துக்கு இரண்டு மாலை என்று அளவு வைத்துப் பகுதிநேர ஊதியம் கொடுங்கள்.

குருவின் நடன அமைப்புகள் யாருக்கு உரிமை என்பதையும் அவர் இருக்கும்போதே எழுதிவிடுங்கள். சங்கம் ஆடலாமா, பழைய மாணவர்கள் தங்கள் பள்ளிகளில் ஆடலாமா, பெயர் போட வேண்டுமா, ஊதியம் உண்டா? இதைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று தயங்குவார்கள். மறைந்த பிறகு குடும்பமும் மாணவர்களும் இரண்டாகப் பிரிந்து நிற்பதைவிட, ஒரு மாலை டீச்சரோடு உட்கார்ந்து தேநீரோடு பேசுவது மேல்.

அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் கணக்கறிக்கைக்குப் பிறகு, "இதர அலுவல்கள்" தொடங்குமுன், ஒரு புதிய வரியைச் சேருங்கள்: வங்கிக் கையெழுத்தாளர்கள், இணையக் கடவுச்சொற்கள், சாவிகள், வாடகை ஒப்பந்தம், உரிமங்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே இரண்டு பெயர். இரண்டாவது பெயர் குருவின் வீட்டார் பெயராக இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். கூட்டக் குறிப்பில் அதைச் சேர்த்து, 60 நாள் கெடுவுக்குள் ஆண்டறிக்கையை அனுப்பும்போது ஒரு படியைக் கோப்பிலும் வையுங்கள்.